மழை படாத மாடி

தூண்கள்ளி வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தண்ணீர் ஊற்றாமல் இருக்கத் தெரிந்தால் போதும். எங்கள் தீவில் அதுதான் கஷ்டம். மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விடாது. நாம் ஊற்றாவிட்டாலும் வானம் ஊற்றிவிடும். அதனால் இங்கே கள்ளி வளர்க்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஒரு கூரை போடுவது.

நேற்று நீங்கள் இந்தியில் கேட்டீர்கள், நானும் இந்தியில் பதில் சொன்னேன். முப்பத்து மூன்று வருடம் அலுவலகத்தில் பேசிய மொழி, அதில் எனக்குச் சிரமம் இல்லை. எழுதித் தருவதானால் மட்டும் தமிழில்தான் தருவேன் என்றேன். உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அவர் அவசரப்படாமல் படிக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். அந்த மனிதரில் இருந்து ஆரம்பிக்கும்படி சொன்னீர்கள். அப்படி ஆரம்பித்தால் அவர் ஏன் என் மொட்டைமாடியில் நின்றார் என்பது புரியாது.

என் பெயர் சொர்ணம்மா. வயது ஐம்பத்தேழு. போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியில் துறைமுக வேலைக்காரர்களின் குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடி வீடு. சாமான் கிடங்கில் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாங்கள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி எங்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது எனக்குப் பதினான்கு வயது, என் தங்கை உதயாவுக்கு இரண்டு. நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். உதயாவுக்கு ஆறு வயதாகும்போது அம்மா காய்ச்சலில் போனாள். அதற்கு அடுத்த வருடம் அப்பா. எனக்கு போர்ட் பிளேரில் வேலை கிடைத்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, வயதுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றியது எல்லாம் நான்தான்.

தொண்ணூற்று நான்கில் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பெரியதம்பி. கச்சாலில் ரப்பர் பால் எடுப்பவர். ரப்பர் ஷீட் ஏற்றிய கப்பலோடு ஹேடோவுக்கு வந்த இடத்தில் பழக்கம். எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. கப்பல் கிளம்பும்போது கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு பத்து வருடம் நான் தனியாக இருந்தேன். தனியாக இருப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு ஒரு விஷயம் சொன்னால் போதும். சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை காலைதான் யாரிடமாவது வாய் திறப்பேன். முதல் வார்த்தை வரும்போது தொண்டை கரகரக்கும். ஜலதோஷமா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

கள்ளி அந்தச் சமயத்தில் வந்ததுதான். கீழ் வீட்டு எஞ்சினியர் மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போனபோது அவர் மனைவி ஒரு தொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். முழங்கை நீளம் இருக்கும், நீலம் கலந்த பச்சை, ஆறு விளிம்பு. முதல் மழையிலேயே அடி கறுத்து மெத்தென்று ஆனது. அலுவலகத்தில் ஒருவர் ஒரு பழைய தோட்டக்கலைப் பத்திரிகை கொண்டுவந்து தந்தார். அதில் போட்டிருந்தபடி அழுகலுக்கு மேலே வெட்டினேன். வெட்டிய வாயில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். கந்தகப் பொடி தடவி, நிழலில் மூன்று வாரம் சும்மா நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு காய்ந்த செங்கல் சல்லியில் நட்டால் வேர் விடும். விட்டது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

பிறகு மாடியில் மூங்கில் கால் நட்டு, வெளிச்சம் வரும் ஷீட் போட்டேன். நாலு பக்கமும் காற்றுக்காகத் திறப்பு விட்டு, சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் பச்சை நெட் கட்டினேன். கடல் மணலில் உப்பு, அது ஆகாது. செங்கல்லை நானே உடைத்துச் சலித்தேன். ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர். மற்ற எட்டு மாதமும் ஒரு சொட்டுக் கிடையாது. இரண்டாயிரத்து நான்கில் என்னிடம் பதினோரு தூண்கள் இருந்தன. இரண்டு என்னைவிட உயரம்.

சுனாமி அன்று காலை பூமி ஆடியதில் மூன்று சாய்ந்தன. ஹேடோ ஜெட்டி உடைந்தது. மதியத்துக்குள் கச்சால் போய்விட்டது என்ற செய்தி வந்தது. அடுத்த எட்டு நாளும் நிக்கோபார் பக்கம் இருந்து வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் போய் நின்றேன். ஒன்பதாம் நாள் உதயா இறங்கினாள். ஒரு ஆணின் சட்டையைப் போட்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்து, "அவரைக் காணலக்கா," என்றாள். இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். உண்மையை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நிமிடம் எனக்கு வந்தது துக்கம் இல்லை. வீட்டில் அரிசி இரண்டு பேருக்குப் போட வேண்டும் என்பதுதான் தோன்றியது.

நிவாரண முகாமில் பெயர் எழுதியவர் அவசரத்தில் அவளை 'உதய், ஆண்' என்று இந்தியில் எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்தேன். திருத்தச் சொல்ல வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அவளால் நிற்க முடியவில்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில் அதற்கு வேறு எந்தக் காரணமும் கிடையாது.

ஆறு மாதம் அவள் பேசவில்லை. சமைப்பதைச் சாப்பிடுவாள், மாடிக்கு வந்து கள்ளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் அவளாகவே ஒரு தகரத் துண்டை எடுத்து, பெயின்ட்டால் ஒரு செடியின் பெயரும் நட்ட தேதியும் எழுதித் தொட்டியில் செருகினாள். பள்ளிக்கூடத்திலேயே அவள் எழுத்து அழகாக இருக்கும். அதற்குப் பிறகு எல்லாத் தொட்டிக்கும் அவள்தான் எழுதினாள். மெல்லப் பேச்சும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மாடியில் செங்கல் உடைப்போம்.

முதல் கடிதம் ஆகஸ்டில் வந்தது. அலுவலக முகவரிக்கு. பெரியதம்பிக்கு அந்த முகவரிதான் தெரியும்.

ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு தீவின் மறுபக்கம் ஒதுங்கியிருக்கிறார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, வேறு கப்பலில் நேராக மெயின்லாண்டுக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஏழு மாதம் படுக்கை. இப்போது கோத்தகிரியில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். எங்கே விசாரித்தாலும் பட்டியலில் உதயா பெயர் இல்லை என்கிறார்கள். 'அக்கா, அவள் உங்களிடம் வந்தாளா?' என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சிரித்தாள். என்னவோ சின்ன விஷயம்தான், ஒரு காக்கா ஷீட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரிக்கிறாள். கடிதம் அடுத்த வாரம் கொடுத்தாலும் கடிதம்தானே என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். பிறகு, இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று கேட்பாளே என்று வந்துவிட்டது. அக்டோபரில் நானே பதில் எழுதினேன். அந்தக் கடிதம் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

'தம்பிக்கு, நீங்கள் உயிரோடு இருப்பது கடவுள் செயல். உதயா நமக்கு இல்லை. கச்சாலில் இருந்து வந்தவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். இங்கே வந்து அலைவதில் பயன் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

கடைசி வரியை மனதாரத்தான் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. உதயாவுக்கு எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. தினமும் காலையில் எங்கள் பக்கத்துச் சாத்தம் ஜெட்டியில் இருந்து ஃபெரியில் போவாள், சாயங்காலம் நாலரை ஃபெரியில் திரும்புவாள். மாடியில் இருந்து பார்த்தால் ஃபெரி தெரியும். அது பாதித் தண்ணீரில் வரும்போது நான் டீக்கு அடுப்பு பற்ற வைப்பேன். ஆறு வருடம் இப்படி இருந்தோம். எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்தது கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று நவம்பரில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அலுவலக வாசலில் ஒருவர் காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. "அக்கா, என்னைத் தெரியலையா?" என்றார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

கச்சாலுக்குப் போகப் போகிறேன் என்றார். அவள் போன இடத்தில் கடலில் ஒரு புடவையை விட வேண்டும், ஏழு வருடமாக மனது கேட்கவில்லை என்றார். அந்தத் தீவுக்குள் போகும் பாஸுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, கப்பல் நாளை மறுநாள், அதுவரை ஆபர்தீன் பஜாரில் ஒரு லாட்ஜில் தங்கல். "அதுக்கு முன்னாடி உங்களைப் பாத்துட்டுப் போகணும்னு இருந்துச்சு. எனக்கு அவ பக்கத்து ஆளுன்னு நீங்க ஒருத்தர்தானே."

அலுவலகத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். உதயா வர நேரம் இருந்தது. சோறு போட்டு, நாலு மணிக்குள் அனுப்பிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். அவருடைய துணி, போட்டோ எதுவும் வீட்டில் கிடையாது. உதயாவின் புடவைகள் கொடியில் கிடந்தன, அவை என்னுடையவை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிடும்போது அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். கோத்தகிரியில் ஒரு நர்சரியில் வேலை, அதுவும் கண்ணாடிக் கூண்டில் கள்ளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றார். நான் கையை நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தையை இன்னொருவர் வாயில் இருந்து கேட்டே எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"தூண்கள்ளியா?" என்றேன்.

"ஆமாங்கக்கா. ஆளு உசரத்துக்கு முப்பது நிக்குது. மார்கழி தையில அங்க பனி விழும். புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு போயிரும். கார்த்திகையிலேயே தண்ணிய நிப்பாட்டிட்டு எல்லாத்தையும் உள்ள தூக்கிருவோம். குளுரு அதை ஒண்ணும் பண்ணாது. குளுரும் ஈரமும் சேந்துச்சுன்னாதான் செத்துரும்."

"இங்க குளிர் இல்ல. ஈரம்தான்," என்றேன்.

"நீங்களும் வளக்குறீங்களா?"

மாடிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் கேட்கவில்லை. எனக்குக் காட்ட வேண்டும்போல் இருந்தது. உதயாவுக்குச் செடிகளிடம் பிரியம் உண்டு, விஷயம் தெரியாது. இவருக்குத் தெரிந்திருந்தது. அன்று காலை பெய்த மழை நின்று, வெளிச்சம் நன்றாக இருந்தது. நொண்டிக்கொண்டே ஒவ்வொரு தொட்டியாகப் போனார். விளிம்புகளை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். சாரல் பக்கம் நெட் கட்டியதைப் பார்த்து, "யாருங்கக்கா சொல்லிக் குடுத்தா? கச்சிதமா இருக்கு," என்றார். ஒன்று அடியில் கறுத்திருந்தது, போன வாரம்தான் வெட்டியிருந்தேன். குனிந்து வெட்டுவாயைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு விரக்கடை மேல வெட்டணும். நடுவுல பாருங்க, ஊசிமுனை அளவுக்குச் செவப்பு." இருந்தது. எனக்குக் கண்ணில் படாதது அவருக்குப் பட்டது. கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினோம். இப்படி ஒரு அரை மணி நேரம் என் வாழ்க்கையில் வேறு இல்லை. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கத்தியைத் துடைத்துவிட்டு அவர் பக்கத்துத் தொட்டியில் இருந்த தகரத் துண்டை நிமிர்த்தி வைத்தார். பிறகு அதை வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கு அடுத்ததை எடுத்தார்.

"இது உதயா எழுத்து," என்றார்.

 பழைய தகரம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கையில் இருந்ததில் 'நட்டது 3.10.2011' என்று இருந்தது. ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"அவ இருக்காளாக்கா?"

"இருக்கா," என்றேன்.

அவர் அப்படியே ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். தகரத்தைச் சட்டையில் துடைத்தார், அதில் அழுக்கு எதுவும் இல்லை. அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து தந்தேன், குடித்தார். என்னைத் திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் இந்த வாக்குமூலம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"எங்க இருக்கா?"

"பாம்பூஃப்ளாட்ல வேலை. நாலரை ஃபெரியில வருவா."

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

"பரவாயில்லக்கா," என்றார். "நீங்க ஏதோ நெனச்சு செஞ்சிருப்பீங்க. அவளை உசுரோட வச்சிருந்தீங்களே, அது போதும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக் கழிச்சு நான் கச்சாலுக்கு எதுக்குப் போகணும்? அவளைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருறேன். மெட்ராஸ் கப்பல் எப்பன்னு விசாரிக்கணும்."

எழுந்து கைப்பிடிச் சுவர் பக்கம் போனார். எங்கள் குவார்ட்டர்ஸில் அந்தச் சுவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். பாசி வேறு. "ஃபெரி எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டார். சாத்தம் பக்கம் கையைக் காட்டினேன். நல்ல காலை ஊன்றி, எட்டிப் பார்த்தார். ஃபெரி பாதித் தண்ணீரில் வந்துகொண்டிருந்தது. மேல் தட்டில் பெண்கள் நிற்பது சின்னச் சின்ன நிறமாகத் தெரிந்தது. "அதுவாக்கா? அதுலதான் வராளா?" என்றார்.

"ஆமா, அதுலதான்," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் மாடியில் இல்லை.

நான் கீழே போனேன். கட்டிடத்தின் பின்பக்கம் சிமெண்டுச் சாக்கடை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. சட்டைப் பையில் கப்பல் டிக்கெட்டும் ஒரு அடையாள அட்டையும் இருந்தன, அவற்றை எடுத்துக்கொண்டேன். கையில் இன்னும் அந்தத் தகரம் இருந்தது, அதையும். மேலே போய் பச்சை நெட்டை ஒரு பக்கம் அவிழ்த்துக் கொண்டுவந்து அவர் மேல் போர்த்தினேன். அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டேன். தரைத்தள வீட்டுப் பெங்காலி அம்மா ஓடிவந்து, "க்யா ஹுவா, தீதி?", என்ன ஆச்சு அக்கா என்று கேட்டாள். காற்றில் கிழிந்த ஷீட்டைக் கட்ட ரோட்டில் போன ஆளைக் கூப்பிட்டேன், பெயர்கூடக் கேட்கவில்லை, வழுக்கிவிட்டார் என்றேன். அன்று வந்த உங்கள் ஆட்களிடமும் அதையே சொன்னேன். மாடிக்குப் போய்ப் பாசியைப் பார்த்தார்கள், அவிழ்ந்த நெட்டைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள், என் அலுவலகத்தில் போய் விசாரிக்கவில்லை. அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. நான் ஒரு அரசாங்க ஊழியர்.

உதயா அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வந்து சேர்ந்தாள். இங்கே நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அவளிடமும் அதே கதையைத்தான் சொன்னேன்.

"மூஞ்சியப் பாக்காத. நல்லா இல்ல," என்றேன்.

அவள் பார்க்கவில்லை. நெட்டைப் பார்த்தாள். "என்னக்கா இதைப் போய் போத்தியிருக்கீங்க, ஓட்டை ஓட்டையா. ஈ மொய்க்கும்," என்றாள். மேலே போய்த் தன் கட்டிலில் இருந்த போர்வையை எடுத்துக்கொண்டு வந்தாள். நெட்டின் மேலேயே அதை விரித்தாள். மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஓரத்தை அடியில் செருகிவிட்டாள், தூங்குகிறவர்களுக்குச் செய்வதுபோல. ஒரு ஷூ வெளியே தெரிந்தது, அதையும் மூடினாள்.

"யாரு வீட்டு ஆளோ," என்றாள். "அங்க ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பா."

நான் அவள் தோளைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். யாரும் தேடி வராததால் சில நாள் பார்த்துவிட்டு அரசாங்கச் செலவில் எரித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு வருடம். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு பேரும் நன்றாக இருந்தோம். அவர் சொன்னபடி இரண்டு விரற்கடை மேலே வெட்டிய அந்தக் கள்ளி பிழைத்துக்கொண்டது. மழைக்காலத்தில் தாயம் விளையாடுவோம். அவளுக்கு முட்டி வலி வந்தது, தைலம் தேய்த்துவிடுவேன். "நீங்க இல்லேன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் தைலப் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தேன்.

போன மாதம் பதினெட்டாம் தேதி, நான் அலுவலகத்திலும் உதயா முட்டி வலியோடு வீட்டிலும் இருந்தபோது, மீரான் என்பவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆபர்தீன் பஜாரில் லாட்ஜ் வைத்திருந்தவர். அவரை நீங்கள் விசாரித்துவிட்டீர்கள், நல்ல மனிதர், அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. லாட்ஜை இடித்துக் கடையாகக் கட்டப் போகிறார். பழைய சாமான்களைப் பிரிக்கும்போது ஒரு பை கிடைத்தது. கால் நொண்டின ஒருத்தர், நிக்கோபார் கப்பலுக்காகத் தங்கியவர், ரூமில் விட்டுப் போனது, மறந்து கப்பலேறி அங்கேயே தங்கிவிட்டார் போலிருக்கிறது என்று அத்தனை வருடமும் வைத்திருந்தாராம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கடிதம், அதில் என் பெயர், ஹேடோ விலாசம், அக்கம்பக்கத்தில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாராம்.

"உரியவங்ககிட்ட சேத்துரணும்லம்மா, அமானிதம், நம்பி விட்டுட்டுப் போன பொருள்," என்று சொல்லி உதயாவின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் வீட்டுக்கு வரும்போது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சிவப்புப் புடவை, மடிப்புக்கூடக் கலையாதது. கடலில் விடக் கொண்டுவந்தது. பக்கத்தில் என் கடிதம். விளக்குப் போடவில்லை. நான் போட்டேன்.

"இது நீங்க எழுதுனதா?" என்றாள்.

"ஆமா."

"அவரு இங்க வந்தாரா?"

"வந்தாரு."

என்ன தேதி என்று கேட்டாள், சொன்னேன். அவள் விரலை மடக்கி எதையோ எண்ணுவதுபோல் உதட்டை அசைத்தாள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் போத்திவிட்டது அவரையா?"

ஆமாம் என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய்கள் எல்லாம் கேட்காத கேள்விகளுக்குத்தான். நேராகக் கேட்டதற்கு ஒரு நாளும் பொய் சொன்னது இல்லை.

அவள் கத்தவில்லை. புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பு போடாமல் படி இறங்கினாள். நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள். நீங்கள் வரும்வரை நான் சோறு வடித்து வைத்திருந்தேன், இரண்டு பேருக்கு.

அவர் தவறி விழுந்தாரா என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். நான் மூன்று தடவையும் பேசாமல் இருந்தேன். யோசிக்க வேண்டியிருந்ததால் இல்லை, இந்தியில் சொல்ல மனம் வரவில்லை. அவர் தவறி விழவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகில் வைத்து நான் தள்ளினேன். ஒரே தடவை. பலம் தேவைப்படவில்லை, அவர் ஏற்கெனவே முன்னால் சாய்ந்து அவளைத் தேடிக்கொண்டிருந்தார். சுயநினைவோடுதான் செய்தேன். யாரும் தூண்டவில்லை. இதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சம்மதம்.

இன்னொரு விஷயம். உதயா இப்போது பாம்பூஃப்ளாட்டில் கூட வேலை செய்கிற யாரோ ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்றீர்கள். என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றீர்கள். கோபத்தில் எழுதியிருப்பாள், அதைக் கோப்பில் சேர்க்க வேண்டாம். அவளுக்கு முட்டி வலி, அந்த வீட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அவள் என்னை வந்து பார்க்கும்படி அனுமதி எழுதி வையுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. அவளை நினைத்துத்தான் கேட்கிறேன். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.